குன்ஹில்ட் ஆசென் நடந்த நாலு மைல்

"இரவல் வாங்கிய பாத்திரத்தைத் திருப்பிக் கொடுத்த அன்றுதான் மனிதகுலம் நாகரிகம் அடைந்தது." எல்ம் ஃபோர்க் ஊரில், லூத்தரன் தேவாலயத்து வாசலில், ஆளுயரக் கருங்கல்லில் இப்படி வெட்டியிருக்கிறது. அதன் கீழே, 'குன்ஹில்ட் ஆசென், 1887, பனிப்புயலில் நாலு மைல் நடந்தவர்.' வெளியூர்க்காரர்கள் வண்டியை நிறுத்திப் படித்துவிட்டுத் தொப்பியைக் கழற்றுவதை நானே பார்த்திருக்கிறேன்.

அந்த வாக்கியம் பிறந்தது 1887-இல் அல்ல. ஒரு செவ்வாய்க்கிழமை பகல் பதினொன்றரை மணிக்கு, 'எல்ம் ஃபோர்க் கூரியர்' வாரப் பத்திரிகையின் நாலாம் பக்கத்தில் ஆறு வரி இடம் காலியாகக் கிடந்ததால் பிறந்தது.

பெற்றவன் வெண்டெல் ஓஸ்ட்பி. முப்பத்தொரு வருஷமாக அந்தப் பக்கத்தில் 'இந்த வாரம் என்ன விசேஷம்' எழுதுகிறவன். வயிற்றுப்பாட்டுக்குத் தானியக் கிடங்கில் எடைமேடை. மக்காச்சோள லாரி ஏறும், நிற்கும், சீட்டுக் கிழித்துக் கொடுப்பான், இறங்கும். ஒரு லாரிக்கும் அடுத்த லாரிக்கும் நடுவில் இலக்கியம். சிகாகோவிலிருந்து வருஷாவருஷம் வரும் தலையணைத் தடிமன் பஞ்சாங்கம் ஒன்றும், ஒரு பூட்ஸ் டப்பா நிறையக் கத்தரித்த துணுக்குகளும் அவனுடைய நூலகம். பகல் தூக்கத்துக்கு ஒரு நாள், ஜோடி தொலைந்த காலுறைக்கு ஒரு நாள், பொரித்த சோளத்துக்கு ஒரு நாள் என்று உலகத்தில் எவனோ எங்கோ அறிவித்து வைத்ததையெல்லாம் பொறுக்கி எடுத்து, இரண்டு விந்தைச் செய்தி சேர்த்து, செவ்வாய் நண்பகலுக்குள் கொடுத்துவிடுவான். வியாழன் காலை தபாலில் வரும். ஊர் முதலில் மரண அறிவிப்பைப் படிக்கும், அடுத்தது வெண்டெலை.

படிக்கும், நம்பாது. ஆஸ்திரேலியாவில் வொம்பட் என்கிற பிராணி கனசதுரக் கட்டிகளாகச் சாணி போடும் என்று எழுதிய வாரம் ஆசிரியருக்கு மூன்று கண்டனக் கடிதம் வந்தது. நாற்பது வருஷமாக மாட்டுப் பின்பக்கங்களோடு பழகியவர் என்ற முறையில் கால்நடை மருத்துவர் சந்தாவையே நிறுத்தினார். ஒட்டகச்சிவிங்கிக்கும் நமக்கும் கழுத்தெலும்பு ஏழேதான் என்று எழுதியதற்கு, ஞாயிறு ஆராதனை முடிந்து கைகுலுக்கும்போது போதகரே குரலைத் தாழ்த்தி, "ஏழுதானா?" என்று கேட்டார். இரண்டும் உண்மை. முப்பத்தொரு வருஷத்தில் வெண்டெல் இட்டுக்கட்டியது ஒன்றே ஒன்று. ஊர் அதைக் கல்லில் வெட்டியது.

அதற்கு ஒரு தட்டு காரணம்.

எங்கள் ஊரில் சாவு விழுந்தால் யாரும் ஆறுதல் சொல்ல மாட்டார்கள். சமைப்பார்கள். கொத்துக்கறி, காளான் சூப், மேலே உருளைக்கிழங்குத் துண்டு பரப்பி வேகவைத்த ஹாட்டிஷ், ஒன்பதுக்குப் பதிமூன்று அங்குலத் தட்டில், துண்டு சுற்றி, துக்க வீட்டுச் சமையலறை மேடையில் வந்து இறங்கும். ஒரே நாளில் பதினைந்து தட்டு வந்தால் எது யாருடையது? அதற்காகத் தட்டின் அடியில் ஒட்டுநாடா ஒட்டிப் பேர் எழுதியிருக்கும். இரண்டு மூன்று வாரத்தில், கழுவி, நல்ல வீடாக இருந்தால் உள்ளே ஏதாவது இனிப்பு வைத்து, தட்டு திரும்பும். திரும்பாவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது. கேட்கிற வழக்கம் இந்த மினசோட்டாப் பக்கத்திலேயே கிடையாது. பனியில் சறுக்கிப் பள்ளத்தில் தலைகீழாகக் கிடக்கிறவன்கூட, கயிற்றோடு வந்தவனிடம், "அவசரம் ஒண்ணுமில்ல, உங்க வேலை முடிச்சுட்டு வாங்க" என்றுதான் சொல்வான்.

ஒன்பது வருஷத்துக்கு முன்பு ஒரு பிப்ரவரியில் எதிர்வீட்டு வெர்லின் டாக்கன் போய்விட்டார். வெண்டெலின் மனைவி லவோன், தன் அம்மா கொடுத்த அலுமினியத் தட்டில் ஹாட்டிஷ் செய்து, சாலையைக் கடந்து, விதவையான ஆர்லிஸ் டாக்கனிடம் கொடுத்தாள். லவோன் பள்ளிக்கூடச் சமையற்கட்டில் தினம் நூற்று நாற்பது பிள்ளைகளுக்குச் சமைக்கிறவள். அங்கே இருக்கும் தட்டுகள் கதவு அகலம். ஆனால் வீட்டில் இருந்தது இது ஒன்று, மூலையில் ஒரு நசுங்கலோடு.

தட்டு வரவில்லை. மார்ச் போனது. சோளம் விதைத்து, முளைத்து, அறுத்தும் ஆயிற்று. லவோன் யாரிடமும் ஒரு சொல் சொல்லவில்லை. சாப்பாட்டு மேசையில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு மட்டும் சொல்வாள்: "ஆர்லிஸ் வீட்டுப் புகைபோக்கில புகை வருது. அடுப்பு எரியுது போல. என்னத்துல வச்சு வேகவைக்கிறாளோ."

வெண்டெல் தலையாட்டுவான். எந்தத் தட்டு, எப்படி இருக்கும் என்று அவன் கேட்டதில்லை. கேட்பது வழக்கமில்லை.

ஒரு வருஷம் இப்படிப் போனது. மனைவிக்காக எதிர்வீட்டுக்குப் போய்க் கேட்டுவிடலாம் என்று இரண்டு தடவை அஞ்சல்பெட்டி வரை நடந்து, கடிதம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் திரும்பினான். அப்புறம்தான் அந்தச் செவ்வாய்க்கிழமையும் ஆறு வரிக் குறையும் வந்தன. மார்ச் இரண்டாம் சனிக்கிழமை 'பாத்திரம் திருப்பும் நாள்' என்று எழுதினான். குன்ஹில்ட் ஆசென் என்ற, நார்வேயிலிருந்து குடியேறிய பெண்மணி, பனிப்புயலில் நாலு மைல் நடந்து, இரவல் வாங்கிய ஒரே ஒரு தட்டைத் திருப்பிக் கொடுத்ததைப் பற்றி எழுதினான். அந்தம்மாள் வாயில் அந்த வாக்கியத்தையும் வைத்தான். ஆர்லிஸ் படிப்பாள், உறைக்கும், தட்டு வரும். சாலையைக் கடக்கப் பயந்த மனிதன் ஒரு பண்டிகையை உண்டாக்கினான்.

அந்தச் சனிக்கிழமை எல்ம் ஃபோர்க்கில் நாற்பத்தேழு தட்டுகள் வீடு திரும்பின. ஆர்லிஸ் மூன்று பேருடைய தட்டுகளைத் தூக்கிக்கொண்டு வாயெல்லாம் சிரிப்பாக வீடு வீடாகப் போனாள். லவோன் வீட்டுக்கு மட்டும் வரவில்லை. ஜன்னலில் நின்றிருந்த லவோன் திரையை இழுத்துவிட்டாள்.

அடுத்த வருஷம் தேவாலயத்து அடித்தளத்தில் காப்பியும் பலகாரமும். நாலாம் வருஷம் பள்ளிப் பிள்ளைகள் குன்ஹில்டாக வேஷம் கட்டினார்கள். ஆறாம் வருஷம் மாவட்டக் குழு தீர்மானம் போட்டது. ஏழாம் வருஷம், டிராக்டர் விற்று ஓய்வு பெற்று, மூன்று தடவை மேயராக இருந்த பர்டெல் ஸ்வென்ஸ்ருட், குன்ஹில்ட் தன் கொள்ளுப்பாட்டி என்று கண்டுபிடித்தார். ஒன்பதாம் வருஷம் கல்.

கல்லைத் திறந்து வைத்துப் பேசும் பொறுப்பு தேவாலயத்து மாதர் வட்டத் தலைவி என்ற முறையில் லவோனுக்கு விழுந்தது. பத்தாம் வகுப்பில் பாட்டுப் போட்டி மேடையில் மயங்கி விழுந்தவள் அவள். அதற்குப் பிறகு நாலு பேருக்கு மேல் இருக்கிற இடத்தில் வாய் திறந்ததில்லை. மூன்று வாரமாகப் பள்ளிக்கூடத்துப் பழைய மெனுத் தாள்களின் பின்பக்கத்தில் எழுதி எழுதி அடித்தாள். "நாலு மைல் நடந்திருக்கா, வெண்டெல். அந்தப் புயல்ல. சில பேருக்கு ரோட்டைத் தாண்ட முடியல" என்று சொல்லிவிட்டு அடுத்த தாளை எடுத்தாள்.

திங்கள்கிழமை காலை எடைமேடைக்குத் தொலைபேசி வந்தது. தலைநகரிலுள்ள பழைய குடியேறிகள் ஆவணச் சங்கத்திலிருந்து ஒரு பெண். மரியாதையான குரல். குன்ஹில்ட் ஆசெனைப் பற்றி வெண்டெல் எந்த ஆவணத்திலிருந்து எடுத்தார் என்று கேட்டாள். சேகரிப்பு ஒன்று இருக்கிறது என்றான். என்ன சேகரிப்பு? பூட்ஸ் டப்பா என்றான். அவள் சிரித்தாள். அந்த வருஷத்து ஞானஸ்நானப் பதிவேட்டில் மூன்று ஆசென் குடும்பம் இருக்கிறது, குன்ஹில்ட் என்று யாரும் இல்லை, சனிக்கிழமை விழாவுக்கு நகலோடு வருகிறேன், திருமதி ஓஸ்ட்பி பேசி முடித்ததும் எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டால் ஊரில் யாருக்காவது தெரிந்திருக்கும் அல்லவா, என்றாள்.

மேடையில் ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. வெண்டெல் வெறும் சீட்டைக் கிழித்துக் கொடுத்தான்.

பதிவேட்டில் எப்படி இருக்கும்? குன்ஹில்ட் என்பது வெண்டெலின் அப்பா வளர்த்த பழுப்புப் பசுவின் பெயர்.

செவ்வாய் காலை பர்டெலைப் பார்க்கப் போனான். விழாவைத் தள்ளி வைக்கச் சொல்லலாம் என்று நினைப்பு. டிராக்டர் நின்ற கண்ணாடிக் கூடத்தில் இப்போது ஒரு நாற்காலியும், சட்டம் போட்ட ஒரு பழைய படமும் இருந்தன. பரணில் கிடைத்ததாம். முக்காடு போட்ட ஒரு மூதாட்டி, பல்வலிக்காரி மாதிரி.

"கொள்ளுப்பாட்டியைப் பாத்தியாப்பா?" என்றார் பர்டெல்.

"பாத்தேன். இவங்கதான்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"காலைப் பாரு. நாலு மைல் நடக்கிற காலு."

படம் இடுப்போடு முடிந்திருந்தது.

வெண்டெல் தொப்பியைச் சுழற்றிக்கொண்டு நின்றான். அந்தக் கதையில் ஏதாவது தப்பு இருந்து, நாளைக்கு யாராவது கேட்டால் என்ன செய்வது என்று தரையைப் பார்த்துச் சொன்னான்.

பர்டெல் எழுந்து கதவைச் சாத்தினார். "தப்பு இருக்கு. உங்கிட்டச் சொல்லணும்னுதான் இருந்தேன். நாலு இல்ல, ஆறு மைலு. எங்க வீட்டுல ஆறுன்னுதான் சொல்லுவாங்க. நீ எழுதிட்டியேன்னு பொறுத்துக்கிட்டேன்."

"அதுக்கில்ல பர்டெல்..."

"பரவால்லப்பா. பெருந்தன்மை எங்க ரத்தத்துலயே உண்டு."

வெண்டெல் எடைமேடைக்குத் திரும்பியபோது மணி பதினொன்று. பத்தியில் இன்னும் ஆறு வரி பாக்கி இருந்தது. பொரித்த சோள நாளுக்கும், ஆக்டோபஸுக்கு மூன்று இதயம் என்ற துணுக்குக்கும் நடுவில் எழுதினான்: 'பாத்திரம் திருப்பும் நாளும் குன்ஹில்ட் ஆசெனும் இந்தப் பத்தியாளன் எட்டு வருஷத்துக்கு முன் இட்டுக்கட்டியவை. வருந்துகிறான்.' ஆசிரியர் எழுத்துப்பிழை மட்டும் பார்ப்பவர், பார்த்துவிட்டு அனுப்பினார். வியாழன் காலை பள்ளிச் சமையற்கட்டில் காப்பி குடித்தபடி லவோன் படிப்பாள். அவள் கோபப்படும்போது தான் எடைமேடையில் இருக்கலாம், நடுவில் ஒரு மைல் இருக்கும் என்பது வெண்டெலின் கணக்கு.

புதன் சாயங்காலம் வடமேற்கில் வானம் ஈயமாயிற்று. வியாழன் விடியும்போது அஞ்சல்பெட்டி தெரியவில்லை. சாலை தெரியவில்லை. எதிர்வீடே தெரியவில்லை. பக்கத்து ஊர் அச்சகத்தில் கட்டுக்கட்டாகக் கிடக்கிற கூரியர், சாலை திறந்ததும் சனிக்கிழமைத் தபாலோடு வரும் என்று வானொலி சொன்னது. விழா பத்து மணிக்கு. தபால் வண்டி தேவாலயத்து முனைக்கு வருவதும் பத்து, பத்தேகாலுக்குத்தான்.

ஆக, லவோன் குன்ஹில்டைப் பற்றிக் கண் கலங்கிப் பேசிக்கொண்டிருக்கும்போதே, பின்வரிசையில் யாராவது பத்திரிகையைப் பிரிப்பார்கள். அது போதாதென்றால் ஆவணச் சங்கத்துப் பெண் இருக்கிறாள்.

இரண்டு நாள் ஒரே கூரைக்குக் கீழே. பள்ளிக்கூடமும் மூடல், கிடங்கும் மூடல். காற்று சுவரைச் சுற்றி ஊளையிட்டது. லவோன் ரொட்டி சுட்டாள், சூப் வைத்தாள், மாவுக் கையோடு அடுப்பைப் பார்த்து நின்று பேச்சை ஒப்பித்தாள். ஒவ்வொரு தடவையும் குன்ஹில்ட் மூன்றாவது மைலில் கால் மரத்து உட்காரும் இடத்தில் நிறுத்தி, "இங்க அழுகை வருது. வந்தா தப்பா?" என்று கேட்டாள். மூன்றாவது மைல் வெண்டெல் எழுதியதில்லை. அது லவோன் தானே சேர்த்தது.

"லவோன்" என்று ஆரம்பிப்பான் வெண்டெல்.

"என்ன?"

"சூப்புல உப்பு சரியா இருக்கு."

இப்படி ஐந்து தடவை. ஐந்து தடவையும் அதற்குப் பிறகு, வண்டி கிளம்புமா பார்க்கிறேன் என்று வண்டிக்கொட்டிலுக்குப் போனான். டிரக்கைக் கிளப்பி அணைத்தான். அடியில், எஞ்சின் சொட்டுவதைப் பிடிக்கக் கிடந்த எண்ணெய்த் தட்டைக் காலால் நகர்த்திப் போட்டுவிட்டு, குளிரில் கையைப் பிசைந்துகொண்டு நின்றான். சொல்ல வேண்டியதைக் கொட்டிலின் சுவரிடம் இரண்டு தடவை தெளிவாகச் சொன்னான். உள்ளே போனான்.

வெள்ளி பிற்பகல் காற்று நின்றது. லவோன் நீல உடுப்பை இஸ்திரி போட்டு நாற்காலி முதுகில் தொங்கவிட்டாள். ஜன்னலுக்கு வெளியே, எதிர்வீட்டில், எழுபத்திரண்டு வயது ஆர்லிஸ் தனியாகப் பனியை வாரிக்கொண்டிருந்தாள். வெண்டெல் மண்வாரியை எடுக்கப் போனான். "அவளே பாத்துக்குவா. அடுத்தவங்க சாமானை வச்சுக்கத் தெரியுதுல்ல" என்றாள் லவோன். ஒன்பது வருஷத்தில் அவள் அதைச் சாடையாக இல்லாமல் நேராகச் சொன்னது அப்போதுதான். சொன்ன பிறகு அவளுக்கே ஒரு மாதிரி இருந்திருக்க வேண்டும், அடுப்பில் இல்லாத பாத்திரத்தைக் கிளறப் போனாள்.

சனிக்கிழமை ஒன்பதரைக்குக் கிளம்பினார்கள். இருபுறமும் உழுது தள்ளிய பனி டிரக்கை விட உயரமாக நின்றது. தேவாலயம் இரண்டு மைல். லவோன் மடியில் மெனுத் தாள்கள், உதடு அசைந்துகொண்டே இருந்தது. முதல் மைல் போயிற்று. எதிரே, தொலைவில், தபால் வண்டியின் மஞ்சள் விளக்கு சுழல்வது தெரிந்தது.

"லவோன்."

"உப்பு சரியா இருந்துச்சு, தெரியும்."

"குன்ஹில்ட் இல்ல."

"என்ன இல்ல?"

"அப்படி ஒரு பொம்பளையே இல்ல. நான் எழுதினது. ஆறு வரி குறைஞ்சது."

லவோன் அவன் பக்கம் திரும்பினாள்.

"அந்தப் பேரு?"

"அப்பா வச்சிருந்த பசு."

"பழுப்பா?"

"ம்."

"மொத மொத உங்க வீட்டுக்கு வந்தப்ப என் தொப்பியைத் தின்னுச்சே, அதா?"

"அதேதான்."

லவோன் தாள்களை மெதுவாக மடித்தாள். ஒரு தடவை, இன்னொரு தடவை, மேலே மடிக்க முடியாத அளவுக்கு. பத்திரிகையிலும் எழுதிவிட்டேன், அதோ அந்த வண்டியில்தான் வருகிறது, பதிவேட்டோடு ஒருத்தி வேறு வருகிறாள் என்று மீதியையும் வெண்டெல் சாலையைப் பார்த்தபடியே சொல்லி முடித்தான்.

"எதுக்கு?" என்றாள்.

"உன் தட்டு வரும்னு."

"எதிர்வீடு. நடந்து போய்க் கேட்டிருக்கலாம்ல?"

"நீ கேட்டிருக்கலாம்."

"நான் எப்படிக் கேக்கறது?"

"அதான்."

தேவாலயம் வந்தது. இறங்கும்போது தாள்களை டிரக்கின் இருக்கையிலேயே விட்டுவிட்டு இறங்கினாள்.

வெளியே பனியில் கல்லுக்கு ஒட்டுத்துணிப் போர்வை போர்த்தியிருந்தது. கூட்டம் அடித்தளத்தில். காப்பி அண்டா உறுமியது. நீள மேசைகளில் அடுக்கடுக்காகத் தட்டுகள், ஒவ்வொன்றின் அடியிலும் பேர். ஈரக் கோட்டு வாசனை, மாவுப் பலகார வாசனை. நூற்றைம்பது பேராவது இருப்போம். முன்வரிசையில் பர்டெல், மடியில் கொள்ளுப்பாட்டியோடு. ஓரத்தில் முழங்கால் பூட்ஸும் தோல் கோப்புமாக ஒரு புது முகம், தலைநகரத்துப் பெண். மூன்றாவது வரிசையில் ஆர்லிஸ், பனி வாரிய களைப்போடு, பக்கத்தில் யாரும் இல்லாமல்.

பர்டெல் இருபது நிமிஷம் பேசினார். குன்ஹில்ட் எட்டு மைல் வரை போய்விட்டாள். பிறகு லவோனைக் கூப்பிட்டார்.

ஒலிபெருக்கிக்கு முன்னால் வெறும் கையோடு நின்றாள். முகம் வெளிறியிருந்தது. பத்தாம் வகுப்புக் கதை எங்கள் எல்லாருக்கும் தெரியும், இரண்டு பெண்கள் தாங்கிப் பிடிக்கத் தயாராக நாற்காலி விளிம்புக்கு வந்தார்கள். மாடிப்படியில் பூட்ஸ் சத்தம் கேட்டது. தபால்காரர் பத்திரிகைக் கட்டைக் கடைசி மேசையில் போட்டுவிட்டுக் காப்பிக்குக் கை நீட்டினார்.

"நான் எழுதிட்டு வந்ததைப் பேசல" என்றாள் லவோன். "ஒண்ணு கேக்கணும். ஆர்லிஸ், வெர்லின் காரியத்துக்கு எங்க அம்மாவோட தட்டு உங்க வீட்டுக்கு வந்துச்சு. ஒன்பது வருஷம் ஆச்சு. அது எங்க?"

எங்கள் ஊரில் ஒருவர் இன்னொருவரை நேராக ஒன்று கேட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. யாரோ கரண்டியைக் கீழே போட்டார்கள். போதகர் கூரையைப் பார்த்தார். கடைசி மேசைக்காரர்கள் பத்திரிகைக் கட்டின் நூலை அவிழ்த்த கையோடு அப்படியே நின்றார்கள்.

ஆர்லிஸ் கோப்பையைத் தரையில் வைத்துவிட்டு எழுந்தாள். அவளுக்குக் கோபம் வரவில்லை. ரொம்ப நாளாக எதிர்பார்த்த ஒருவர் கதவைத் தட்டியது போல இருந்தாள்.

"மூணாவது வாரமே குடுத்துட்டேனே, லவோன்."

"யாருகிட்ட?"

"நீ ஃபார்கோல இருந்த. உன் தங்கச்சிக்குப் பித்தப்பை ஆபரேஷன் ஆச்சே, அந்த வாரம். கழுவித் துடைச்சு, எலுமிச்சை பார் பலகாரம் பன்னெண்டு துண்டு வச்சு எடுத்துட்டு வந்தேன். அவர் போனதுக்கப்புறம் நான் மொத மொத அடுப்பு பத்தவச்சதே அதுக்குத்தான்." நிறுத்தினாள். "நல்லா இருந்துச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லுவேன்னு பாத்தேன். ஒன்பது வருஷமா பாக்கறேன். சரி, புளிப்பு ஜாஸ்தி போலன்னு விட்டுட்டேன்."

"எந்த எலுமிச்சை பாரு?" என்றாள் லவோன்.

"வெண்டெல் கைல குடுத்தேன்."

நூற்றைம்பது தலைகள் திரும்பின. சுவரோரமாக நின்றிருந்த வெண்டெலின் முகத்தில் ஒன்பது வருஷத்துக்கு முந்தைய ஒரு ருசி மெல்ல மெல்ல வந்து உட்கார்வதை எல்லாரும் பார்த்தோம்.

"புளிப்பு சரியாத்தான் இருந்துச்சு, ஆர்லிஸ்" என்றான்.

அப்புறம் நடந்தது விழா இல்லை. ஆர்லிஸ் இருந்த வரிசைக்கு லவோன் நடந்து போனாள். பத்தடி இருக்கும். இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, கட்டிக்கொள்ளாமல், கண்ணைத் துடைக்காமல், எலுமிச்சை பாருக்கு எத்தனை முட்டை என்று பேச ஆரம்பித்தார்கள். எங்கள் பக்கத்தில் இதற்கு மேல் எதுவும் செய்ய மாட்டார்கள்.

தலைநகரத்துப் பெண் இரண்டு தடவை கோப்பைத் திறந்தாள். இரண்டு தடவையும் யாரோ அவள் கையில் பலகாரம் வைத்தார்கள். போகும்போது மிச்ச ஹாட்டிஷை ஒரு தட்டில் போட்டுத் துண்டு சுற்றிக் கொடுத்தனுப்பினோம், அடியில் பேரோடு. அவளிடமிருந்து கடிதம் எதுவும் வரவில்லை. தட்டு மட்டும் கழுவி வந்தது, அஞ்சலில்.

பத்திரிகையை எல்லாரும் சாவகாசமாக வீட்டில் படித்தார்கள். வெண்டெலின் ஒப்புதலைப் பற்றி பர்டெல் சொன்னது, அவனுக்குத் தன்னடக்கம் ஜாஸ்தி என்பது. ஆசிரியருக்கு வந்த ஒரே கண்டனக் கடிதம் ஆக்டோபஸின் மூன்று இதயத்தைப் பற்றியது. கல்லை யாரும் எடுக்கவில்லை, எடுக்கிற கனமில்லை அது.

அன்று பிற்பகல் லவோன் ஆர்லிஸையும் கூட்டிக்கொண்டே வீட்டுக்கு வந்தாள். இரண்டு பேரும் கோட்டைக் கழற்றாமல் சமையலறை அலமாரிகளைப் பார்த்தார்கள், நிலவறையைப் பார்த்தார்கள், கடைசியில் வண்டிக்கொட்டிலுக்குப் போனார்கள். வெண்டெல் டிரக்கைப் பின்னால் எடுத்தான். எண்ணெய்த் தட்டில் பாதி வரை கறுப்பு எண்ணெய் இருந்தது. மூலையில் ஒரு நசுங்கல் இருந்தது. லவோன் எண்ணெயை வாளியில் ஊற்றிவிட்டுத் தட்டைத் திருப்பினாள். ஒட்டுநாடா அப்படியே இருந்தது, அவள் பேரும் நன்றாகவே தெரிந்தது.